பிரயாணிகள் கப்பலும் கடலாராய்ச்சியும்

(கல்முனைக்குடி நண்பர்களின் அழைப்பை ஏற்று அவ்வூரிற் கூடிய இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கேள்வியாகவே எம்மை வந்தடைந்தது. சென்ற விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது, ஒருநாள் மாலை கடற்கரைப் பள்ளிக்கு அண்மையிற் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு கப்பல் வடதிசை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வலையின் அருகே நின்ற ஒரு பெரியவர், பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறீர் என்று எம்மை விசாரித்தார். “பிரயாணிகள் கப்பலிலும் சரக்குக் கப்பலிலும் கருவிகளை வைத்துக் கடலையும் காற்றையும் எப்படி ஆராய்கிறார்கள் என்பதைப் படிக்கிறோம், காக்கா” என்றோம். அவர் சிரித்துவிட்டு, “கப்பல்ல போறவன் கடலயா தம்பி பாக்கான்? போற ஊரத்தானே பாக்கான்” என்றார்.

அவர் கூறியது உண்மையே. பிரயாணிக்குக் கடல் என்பது கடந்து முடிக்கவேண்டிய ஒரு தூரம். கப்பற் சொந்தக்காரனுக்கோ அது எரிபொருட் செலவு. ஆயினும், கடலைப் பற்றி மனிதன் இன்று அறிந்திருப்பனவற்றுள் பெரும்பங்கு, கடலை ஆராயவென்று புறப்படாதவர்களின் கப்பல்களிலிருந்தே வந்தது. தம் வேலையாய்ப் போனவர்கள் வழியிற் குறித்து வைத்தவைதான் அவை. அந்தக் கதையிற் சிலவற்றை இங்கே சொல்ல விரும்புகிறோம். கதையின் முடிவு எமது கரையில் வந்து நிற்பதனால், பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறோம்.

ஆராய்ச்சிக் கப்பல் என்று தனியே ஒன்று உண்டு. அதில் நுட்பமான கருவிகளும் பெரிய விஞ்ஞானிகளும் இருப்பர். ஆனால் அதை ஒருநாள் ஓட்டுவதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது. எனவே அது ஒரு கடலுக்கு ஒருமுறை வந்தால், மறுமுறை வர ஆண்டுகள் செல்லும். கடலோ வாரத்துக்கு வாரம் மாறுவது. காய்ச்சற்காரனை வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும் பெரிய வைத்தியரிலும், நாலு மணிக்கொருதரம் உஷ்ணமானி வைத்துக் குறித்துக்கொள்ளும் தாதியே நோயின் போக்கை நன்கறிவாள் அன்றோ? ஒரே துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, ஒரே வழியிற் சென்று, குறித்த நாளில் திரும்பும் பிரயாணிகள் கப்பல் அந்தத் தாதியைப் போன்றது. அதற்குக் கடலாராய்ச்சி தெரியவேண்டியதில்லை. தவறாது போய்வருதலே போதும்.

இந்த எண்ணத்தை முறைப்படுத்தியவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மத்தியூ மோரி என்பார். கப்பல்களின் பழைய நாட்குறிப்புகளைத் திரட்டிக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் 1847 ஆம் ஆண்டு முதலாகப் படங்கள் வெளியிட்டார். குறிப்பு எழுதித் தரும் கப்பற்றலைவனுக்குப் படம் இலவசம் என்பது அவர் செய்த ஏற்பாடு. 1853 இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பத்து நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, எல்லாக் கப்பல்களும் ஒரே முறையிற் குறிப்பு எழுதவேண்டும் என்று இணங்கினர். இவ்வளவுடன் மோரியை விட்டுவிடுவோம். எமக்கு நெருங்கியவர் வேறொருவர். எமது வங்காள விரிகுடாவின் கரையிலேயே இருந்து உழைத்தவர் அவர்.

ஹென்றி பிடிங்டன் என்பது அவர் பெயர். இளமையிற் கப்பலோட்டியவர், பின்னர் கல்கத்தாவிலே தங்கி, கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைவராக இருந்தார். வங்கக் கடலிற் புயலடித்தால் பிழைத்து வந்த கப்பல்கள் யாவும் கல்கத்தாத் துறைக்கே வந்து சேரும். அக்கப்பல்களின் நாட்குறிப்புகளை அவர் வாங்கிப் பார்ப்பார். இன்ன நாள், இன்ன மணிக்கு, இன்ன இடத்தில், காற்று எத்திசையிலிருந்து அடித்தது, பாரமானி எவ்வளவு இறங்கிற்று என்பவற்றை ஒரு படத்திற் குறிப்பார். ஒரு கப்பலின் குறிப்பால் ஒன்றும் விளங்காது. அந்தக் கப்பற்றலைவனுக்குத் தான் பட்ட பாடு மட்டுமே தெரியும். பத்துக் கப்பல்களின் குறிப்புகளை ஒரே மணிக்கு ஒரே தாளில் வைத்தபோது, அம்புக்குறிகள் யாவும் ஒரு நடுவைச் சுற்றி வளைந்து நின்றன. சுருண்டு கிடக்கும் பாம்பைக் கண்டாற்போல இருந்தமையால், கிரேக்கச் சொல்லொன்றை எடுத்து அதற்கு ‘சைக்கிளோன்’ என்று பெயரிட்டு, 1848 இல் வெளியிட்ட மாலுமிகளுக்கான நூலில் வழங்கினார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் அச்சொல் எமது விரிகுடாவிற் பிறந்தது என்பதை எம்மிற் பலர் அறியார்.

அந்நூலுடன், கொம்பைச் சீவிச் செய்த கண்ணாடி போன்ற மெல்லிய தகடுகளையும் அவர் சேர்த்துக் கொடுத்தார். காற்றின் சுழற்சி அத்தகட்டில் வரையப்பட்டிருக்கும். மாலுமி அதைத் தன் கடற்படத்தின் மீது வைத்து, தனக்கு அடிக்கும் காற்றோடு பொருத்திப் பார்த்தால், சுழியின் நடு எங்கே என்பது தெரியும். இதைக் கரையில் நிற்கும் நாமும் செய்து பார்க்கலாம். எமது அரைக்கோளத்திற் புயற்காற்றை முகத்தில் ஏற்று நின்றால், சுழியின் நடு வலக்கைப் பக்கத்தில் இருக்கும். கல்முனைக்குடிக் கரையில் வடக்கிலிருந்து பலத்த காற்று அடிக்குமாயின், வடக்கு நோக்கி நில்லுங்கள். வலக்கை கிழக்கே கடலைக் காட்டும். சுழி அங்கே இருக்கிறது. காற்றுத் திசைமாறாமல் நின்றபடியே மேலும் மேலும் வலுத்து, பாரமானியும் இறங்குமாயின், சுழி எம்மை நோக்கியே வருகிறது என்பது பொருள். 1978 நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்புக் கரையைப் புயல் தாக்கிய இரவை இங்குள்ள பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காற்று எப்பக்கமிருந்து வந்து எப்பக்கம் திரும்பிற்று என்று எமது அம்மப்பா இன்றும் கையைக் காட்டிச் சொல்வார். பிடிங்டனின் தகட்டை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரியாகவே வருகிறது!

பிடிங்டன் பட்ட ஏமாற்றத்தையும் சொல்லவேண்டும். கல்கத்தாவுக்குத் துணையாக மாத்லா ஆற்றங்கரையில் ஒரு துறைமுகம் அமைக்க அரசு எண்ணியபோது, அந்த இடம் புயலலைக்கு இரையாகும் என்று 1853 இல் தேசாதிபதி டல்ஹௌசிப் பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கேட்பாரில்லை. துறைமுகம் கட்டப்பட்டு, கானிங் பிரபுவின் பெயரையும் பெற்றது. பிடிங்டன் 1858 இல் மறைந்தார். 1867 நவம்பர் முதலாம் நாள் வந்த புயல் அத்துறைமுகத்தை அழித்துவிட்டது. கப்பல்கள் எழுதிக் கொடுத்த குறிப்பை வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் பேச்சுக்குத்தான் இடமிருக்கவில்லை.

பிரயாணிகள் கப்பல் என்று பேசுகின்ற நாம், 1887 மே மாதத்தையும் மறத்தலாகாது. பூரி ஜகந்நாதரைத் தரிசிக்கச் செல்லும் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, ‘சேர் ஜோன் லோரன்ஸ்’ என்னும் நீராவிக் கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒரிசாக் கரைக்குப் புறப்பட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்டோர், பெரும்பாலார் பெண்கள். வழியிற் புயல் எதிர்ப்பட்டது. கப்பல் கரை சேரவேயில்லை. அக்காலத்தில் இந்தியாவில் வானிலை அவதானத் திணைக்களம் தோன்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் நடுக்கடலில் என்ன நடக்கிறது என்பதை அதற்குச் சொல்ல எவரும் இல்லை. கப்பலிற் கம்பியில்லாத் தந்தி வருவதற்கு முன்னைய காலம் அது. துறைமுகம் சேர்ந்த பின்னரே குறிப்பு கைக்கு வரும். சேராத கப்பலின் குறிப்பு கடலோடு போகும்.

கம்பியில்லாத் தந்தி வந்தபின் நிலைமை மாறிற்று. இன்று உலக வானிலை நிறுவனத்தின் ஏற்பாட்டின்படி, தாமாக முன்வந்த வர்த்தகக் கப்பல்கள் ஆறு மணிக்கொருதரம் காற்று, அமுக்கம், வெப்பம், அலை, மேகம் ஆகியவற்றைக் குறித்து அனுப்புகின்றன. கிரீன்விச் நேரத்துக்கு ஒத்துப் போவதால், எமது கணக்கில் அது அதிகாலை ஐந்தரை, முற்பகல் பதினொன்றரை, மாலை ஐந்தரை, இரவு பதினொன்றரை. அதிகாலையில் கடற்கரைப் பள்ளியில் தொழுகை முடிந்து நீங்கள் வீடு திரும்பும் நேரத்திலே, எங்கோ ஒரு கப்பலில் ஒரு மாலுமி பாரமானியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு இதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது.

கடல்நீரின் வெப்பத்தை அளக்கும் முறையும் மிக எளிமையாகத்தான் தொடங்கிற்று. ஒரு வாளியைக் கயிற்றிற் கட்டிக் கடலில் விட்டு, நீரை அள்ளி, அதில் உஷ்ணமானியை வைப்பார்கள். அவ்வளவுதான். பிற்காலத்து நீராவிக் கப்பல்கள் இயந்திரத்தைக் குளிரச் செய்வதற்கு உள்ளே எடுக்கும் நீரிலேயே வெப்பம் பார்த்தன. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. துணிவாளியில் மேலே வரும் நீர், காற்றுப்பட்டு ஆவியாகிச் சற்றுக் குளிர்ந்துவிடும். இயந்திர அறைக்குள் வரும் நீரோ, அங்குள்ள சூட்டாற் சற்று வெதுவெதுப்பாகும்.

இச்சிறு வேற்றுமை செய்த வேலையைக் கேளுங்கள். உலகக் கடல்களின் சராசரி வெப்பத்தை ஆண்டுவாரியாக வரைந்து பார்த்தவர்கள், 1945 இல் அது திடீரென ஏறக்குறைய 0.3 பாகை செல்சியஸ் இறங்கியிருப்பதைக் கண்டனர். கடல் அப்படித் திடீரென்று குளிர்வதற்கு ஏது காரணம்? பல காலம் விளங்கவில்லை. 2008 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிதான் முடிச்சை அவிழ்த்தது. உலக யுத்தக் காலத்தில் குறிப்பு அனுப்பியவை பெரும்பாலும் அமெரிக்கக் கப்பல்கள்; அவை இயந்திர அறையில் அளந்தன. யுத்தம் முடிந்ததும் வாளியைக் கையாளும் பிரித்தானியக் கப்பல்களின் பங்கு அதிகரித்தது. குளிர்ந்தது கடலன்று, வாளி! விஞ்ஞானம் என்றாற் பிழையற்றது என்று எண்ணும் இளைஞர்களுக்காக இதைச் சொல்கிறோம். தன் பிழையை அறுபது ஆண்டு கழித்தும் தேடிப் பிடிக்கின்ற பொறுமைதான் அதன் பெருமை என்பது எமது எண்ணம்.

மேற்பரப்பு நீரை வாளியால் அள்ளலாம். ஆழத்திலுள்ள நீரை என்செய்வது? கப்பலை நிறுத்திக் கருவியை இறக்கலாம். ஆனால் பிரயாணிகள் கப்பல் நிற்காது. இதற்கென 1960 களில் ஒரு கருவி செய்தார்கள். சிறு குண்டு போன்றது. மூக்கில் ஒரு வெப்ப உணரி. மயிரிழை போன்ற செம்புக் கம்பி கருவிக்குள்ளும் கப்பலிலுள்ள குழாயிலும் என இரு சுருள்களாகச் சுற்றியிருக்கும். ஓடும் கப்பலின் பின்புறத்திலிருந்து அதைக் கடலிற் போட்டால், இருபக்கமும் கம்பி அவிழ அவிழ நேரே கீழே இறங்கும். இரண்டு நிமிட அளவில் 760 மீற்றர் ஆழம் வரை வெப்பத்தைச் சொல்லிவிட்டு, கம்பி அறுந்து கடலடியிற் போய்க் கிடக்கும். ஒருமுறைக்கு ஒரு கருவி. கடலில் இப்படிக் குப்பை போடலாமா என்று எவரும் கேட்டால், அது நியாயமான கேள்வியே. ஆழத்தையும் கருவி அளப்பதில்லை. விழுந்த நேரத்தைக் கொண்டு கணக்கிடுவார்கள். செய்தவர்கள் எண்ணியதிலும் அது சற்று வேகமாக விழுகிறது என்பதும், ஆழக் கணக்கு நூற்றுக்கு மூன்று பங்கு அளவிற் பிழைத்தது என்பதும் 1995 இல் திருத்தப்பட்டன.

இக்கருவியைக் கொண்டு கோவாவிலுள்ள இந்தியத் தேசியக் கடலியல் நிறுவனத்தார் செய்த வேலையே, எமது பொருளுக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு. சென்னையிலிருந்து அந்தமானிலுள்ள போர்ட் பிளேயருக்கும் (2024 இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினர்), அங்கிருந்து கல்கத்தாவுக்கும் பிரயாணிகள் கப்பல்கள் ஓடுகின்றன. உத்தியோகத்தர், வியாபாரிகள், விடுமுறைக்கு வீடு திரும்புவோர் என்று சனம் நிறைந்த கப்பல்கள். மூன்று நாட் பயணம். 1990 களின் தொடக்கம் முதலாக அக்கப்பல்களிலிருந்து இக்கருவியை வழிநெடுக இட்டு, விரிகுடாவின் குறுக்கே வெப்பத்தை அளந்து வந்தனர். கப்பல் தன் வேகத்தைக் குறைக்கவில்லை. பிரயாணிகளுக்கு ஒரு மணி நேரமும் நட்டமில்லை.

இவ்விடத்தில் எமக்கு ஓர் ஆதங்கம். ‘ரஜூலா’ என்னும் கப்பலைப் பற்றி மூத்தோர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1926 இற் கட்டப்பட்டு, சென்னைக்கும் நாகபட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக 1973 வரை தமிழரை ஏற்றி இறக்கியது. ஒரே கடலை, ஒரே தடத்தில், அரை நூற்றாண்டு அளவு கடந்த கப்பல்! ஆழத்தைப் பார்க்கும் கருவியொன்று அக்காலத்திலேயே தோன்றி, அதிலே வைக்கப்பட்டிருந்தால், எமது விரிகுடா எவ்வளவு சூடேறிவிட்டது என்பதை இன்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அத்தகைய கப்பல்கள் போயின. விமானம் வந்தபின் கடல்வழிப் பிரயாணம் குறைந்தது. கடலைத் தவறாது கடந்த கண்களும் குறைந்தன.

இனி, இலட்சத்தீவுக் கதைக்கு வருவோம். கொச்சியிலிருந்து இலட்சத்தீவுகளுக்குச் செல்லும் கப்பல்களிலும் 2002 முதல் அதே நிறுவனத்தார் வெப்பத்தை அளந்தனர்; வழியில் மேற்பரப்பு நீரை வாளியால் அள்ளி உப்பின் அளவையும் பார்த்தனர். மாரிகாலத்தில் அங்கே ஒரு புதுமை தெரிந்தது. அரபிக் கடல் இயல்பாகவே உப்பு மிகுந்தது. அப்படியிருக்க, நவம்பருக்குப் பின் மேல்நீர் உப்புக் குறைந்து நின்றது. அதன் கீழே, மேலேயுள்ளதிலும் சூடான நீர் இருந்தது. மேலே சூடும் கீழே குளிரும் இருப்பதே கடலின் இயல்பு. இங்கு அது தலைகீழாயிற்று. உப்புக் குறைந்த நீர் இலேசானது. ஆகவே குளிர்ந்தபோதும் அது கீழே இறங்காமல் மூடியைப் போல் மேலே கிடக்கிறது.

அந்த உப்புக் குறைந்த நீர் எங்கிருந்து வந்தது? கங்கையும் பிரமபுத்திராவும் கோதாவரியும் பிறவும் வங்கக் கடலிற் கொட்டிய வெள்ளம் அது. ஒக்டோபர், நவம்பர் தொடக்கம் இந்தியக் கிழக்குக் கரையோரமாக நீரோட்டம் தெற்கே திரும்புகிறது. பின் இலங்கையின் கிழக்குக் கரையோரமாக இறங்கி, தெய்வேந்திரமுனையைச் சுற்றி, மேற்கே சென்று, இலட்சத்தீவுக் கடலை அடைகிறது. அதாவது, கொச்சிக் கப்பலிலிருந்து இறக்கிய வாளியில் அகப்பட்ட நீரில் ஒரு பங்கு கல்முனைக்குடிக்கு எதிரே சென்ற நீர்! வாடைக்காலத்தில் வலை தெற்கே இழுபடுகிறது என்று கரைவலைக்காரர் சொல்வதும், அங்கே கப்பல்கள் கண்டதும் ஒரே செய்தியின் இரண்டு நுனிகள். நடுவிலுள்ள நீண்ட பாகம் எமது கிழக்குக் கரை. அங்கே தவறாது போய்வரும் பிரயாணிகள் கப்பல் ஒன்றுமில்லை.

இந்த மேல்நீர் மூடி வெறும் வேடிக்கைப் பொருளன்று. புயலுக்கு உணவு கடலின் சூடு. சாதாரணமாகப் புயல் கடலைக் கலக்கும்போது கீழுள்ள குளிர்நீர் மேலே வந்து, அப்புயலின் வலிமையைத் தானே குறைத்துவிடும். மூடியிருக்குமிடத்தில் அவ்வாறு கலப்பது கடினம். மூடியின் கீழும் சூடான நீர் இருந்துவிட்டால் புயல் பட்டினி கிடக்காது. எமது கரைக்குப் புயல் வரும் மாதங்களும், இந்த மூடி வந்து படியும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே. செய்மதி கடலின் மேற்றோலை மட்டுமே பார்க்கும். மூடி எவ்வளவு தடிப்பு, கீழே எவ்வளவு சூடு என்பதை அறிய நீருக்குள்தான் பார்க்கவேண்டும்.

பிறநாட்டார் செய்வதையும் ஒரு பேச்சுக்குச் சொல்லிவைப்போம். அமெரிக்காவின் மயாமிப் பல்கலைக்கழகத்தார் 2000 ஆம் ஆண்டில் ‘எக்ஸ்ப்ளோரர் ஒஃப் த சீஸ்’ என்னும் உல்லாசப் பிரயாணக் கப்பலிலேயே கடலுக்கும் வாயுமண்டலத்துக்குமான ஆய்வுகூடங்களை அமைத்தார்கள். மூவாயிரம் பேர் ஆடிப்பாடிக்கொண்டு கரீபியன் கடலைச் சுற்றிவர, ஆய்வும் ஒருபுறம் நடந்தது. பிரயாணிகளும் சென்று பார்த்தார்கள். நியூ ஜேர்சிக்கும் பெர்மியூடாத் தீவுக்கும் வாரந்தோறும் செல்லும் ‘ஒலியாண்டர்’ என்னும் சரக்குக் கப்பலின் அடியில் 1992 இல் ஓர் ஒலிக்கருவியைப் பொருத்தினர். அது நீருக்குள் ஒலியை அனுப்பும்; நீரோடு மிதக்கும் நுண்ணுயிர்களில் அது பட்டுத் திரும்பும் சுருதி மாற்றத்தைக் கொண்டு நீரோட்டத்தின் வேகத்தை அறியலாம். புகையிரதம் நெருங்கும்போது ஊதலின் சுருதி உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பதைப் போல. அட்லாண்டிக்கின் பெரிய வெந்நீரோட்டம் தளர்கிறதா இல்லையா என்ற வாதத்திலே, வாழ்த்தட்டையும் மரக்கறியும் ஏற்றிச் செல்லும் அந்தச் சரக்குக் கப்பலின் இருபது ஆண்டுக் கணக்கு பெரிய சாட்சியாயிற்று: தளர்ச்சி தெளிவாகத் தெரியவில்லை என்றது.

கப்பல்களை மட்டும் நம்பியிருக்கலாம் என்று நாம் சொல்லவரவில்லை. முன்னாளில் எச்சரிக்கையின்றிப் புயலுக்குள் அகப்பட்ட கப்பல்கள் பிடிங்டனுக்குக் குறிப்புத் தந்தன. இந்நாளில் எச்சரிக்கை கேட்டு அவை விலகிப் போகின்றன. அது நல்லதே, ஆனால் புயலின் நடுவிலிருந்து செய்தி வராது. சோமாலியக் கடற்கொள்ளையர் தொல்லை மிகுந்த 2008 ஐ அடுத்த ஆண்டுகளில், தம் இருப்பிடத்தைக் காட்டிக்கொள்ள அஞ்சிக் கப்பல்கள் அப்பக்கம் வழியை மாற்றின. வானிலைச் செய்தியையும் மறைத்தன. மேற்கு இந்து சமுத்திரத்தில் ஒரு பெரும் வெற்றிடம் உண்டாயிற்று. இவ்வெற்றிடங்களைத் தானே மூழ்கி எழும் மிதவைகள் ஓரளவு நிரப்புகின்றன. ஏறக்குறைய நாலாயிரம் மிதவைகள் உலகக் கடல்களில் உள்ளன. ஆனால் மிதவை நீர் போன போக்கிற் போகும். கரையோர ஓட்டத்தில் அகப்பட்டால் நிற்பதில்லை. ஒரே கோட்டை மீண்டும் மீண்டும் பார்க்கக் கப்பலே வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. அதைக் கல்முனைக்குடியில் நின்று பேசாமற் போவது முறையன்று.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் நாம் கைக்குழந்தை. எம்மைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் சொல்லக் கேட்டதே எமது நினைவு. இங்கே இருக்கும் மூத்தோர்கள் ஒவ்வொருவரும் அதைக் கண்ணாற் கண்டவர்கள். உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அசைந்தது அன்றைய இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர். அலை எமது கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் அலை கடலின்மேல் வந்துகொண்டுதான் இருந்தது. தெய்வேந்திரமுனைக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலுள்ள கப்பற்பாதை உலகில் மிக நெருக்கமானவற்றுள் ஒன்று. ஆழ்கடலில் அவ்வலையின் உயரமோ ஒரு மீற்றருக்கும் குறைவு. அதன் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். மேலே ஓடும் கப்பல் மெல்ல உயர்ந்து மெல்லத் தாழும், எவருக்கும் தெரியாது. அலையைத் தற்செயலாகக் கண்டவை மேலே பறந்த சில செய்மதிகள். அக்கணக்கும் உரிய நேரத்திற் கைக்கு வரவில்லை.

2010 பெப்ரவரியிற் சிலி நாட்டில் நிலநடுக்கம் உண்டானபோது, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கப்பலொன்று குவாம் தீவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. இடத்தை மிக நுட்பமாகக் காட்டும் செய்மதிக் கருவி அதில் வேறொரு தேவைக்காக இருந்தது. பின்னர் அதன் பதிவை ஆராய்ந்தபோது, பசிபிக்கைக் கடந்து வந்த அந்த ஆழிப்பேரலையின் ஏறக்குறைய 10 சென்டிமீற்றர் ஏற்றம் அதிலே தெரிந்தது! சாதாரண அலையின் ஆட்டம் விநாடிக் கணக்கு. இதன் ஏற்றம் நிமிடக் கணக்கு. ஆதலால் இரண்டையும் பிரித்தறிய முடிந்தது. வர்த்தகக் கப்பல்களே அலையைக் காட்டும் கருவிகளாகலாம் என்று 2012 இல் எழுதினார்கள். அதன்பின் சில சரக்குக் கப்பல்களில் இக்கருவியைப் பொருத்தியும் பார்த்தார்கள். இது இன்னும் சோதனை நிலையில் நிற்கும் காரியம். எங்கள் கடலிற் கடலடியில் வைத்த அழுத்தமானிகளே இன்று முதற்காவல். ஆயினும் எமக்குத் தெற்கே இரவும் பகலும் ஓயாது செல்லும் அத்தனை கப்பல்களும் கண்ணிருந்தும் குருடாகச் செல்வது இனியும் வேண்டியதில்லை என்று எமக்குத் தோன்றுகிறது.

வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று கொழும்புக்கோ அம்பாந்தோட்டைக்கோ வந்தால், அது உண்மையில் ஆராயத்தான் வந்ததா என்ற சந்தேகம் எழுந்து, பத்திரிகைகள் நிறைகின்றன. 2024 முழுவதும் அத்தகைய கப்பல்களுக்கு அனுமதியில்லை என்று எமது அரசு நிறுத்தி வைத்ததையும் அறிவீர்கள். வல்லரசுகளின் விவகாரம் எமக்கு வேண்டாம். எமது சொந்தப் பிரயாணிகள் கப்பலில் எமது வாளியை நாமே இறக்கினால் எவர் என்ன சொல்வர்?

அப்படியொரு கப்பல் இருக்கிறதா என்று கேட்கலாம். கிழக்கில் இல்லை, வடக்கில் உண்டு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் 1914 முதல் ஓடிய கப்பற்சேவையை 1964 டிசம்பர்ப் புயல் அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடியதும் 1984 அளவில் நின்றது. பல பத்தாண்டுகள் கழிய, 2023 ஒக்டோபர் 14 இல் ‘செரியபாணி’ நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வந்தது. சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 இல் ‘சிவகங்கை’ அதே வழியில் ஓடத் தொடங்கிற்று. நாலு மணி அளவான பயணம். நாகபட்டினத்திலிருந்து சில மைல் வடக்கே நாகூர். இங்கே கடற்கரைப் பள்ளியிற் கொடியேறும் நாட்களில் நாம் நினைக்கும் அதே நாகூர்.

அந்த வழி ஆழம் குறைந்த கடல். 760 மீற்றர் இறங்கும் கருவிக்கு அங்கே வேலையில்லை. கப்பல் தன் தேவைக்கு உள்ளிழுக்கும் நீரில், வெப்பத்தையும் உப்பையும் பதிவுசெய்யும் சிறு பெட்டியொன்றை இணைத்தால் அல்லது ஒரு காப்பிட்ட வாளியும் நல்ல உஷ்ணமானியும் போத்தல்களும் கொடுத்தாற் போதும். வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் பாக்கு நீரிணை வாயிலுக்கு எப்போது வருகிறது, எந்த ஆண்டு முந்துகிறது, எந்த ஆண்டு பிந்துகிறது என்பது தெரியும். அந்நீரே பின்னர் எமது கரைக்கு இறங்குவது. இதிலுள்ள குறையை மறைக்கமாட்டோம்: நீர் திரும்பும் மாரிகாலத்திலேதான் கடல் கொந்தளித்துக் கப்பற்சேவையும் தடைப்படுகிறது. தொடக்கத்தையும் முடிவையும் பார்க்கலாம். நடுவில் இடைவெளி விழும். ஒன்றுமில்லாமையிலும் அது மேலென்றே கருதுகிறோம்.

இவ்வாறு கேட்டு, அக்கப்பற் சேவையினருக்கும், கொழும்பிலுள்ள தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கும், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புவதற்கு ஒரு கடிதம் வரைந்திருக்கிறோம். அனுப்புமுன் கரைவலையருகிற் கண்ட அந்தப் பெரியவரிடம் வாசித்துக் காட்டினோம். முழுவதையும் கேட்டுவிட்டு, “எல்லாஞ் சரி தம்பி, பாத்தத எங்களுக்கும் சொல்லச் சொல்லு” என்றார். கண்டவற்றை மாதந்தோறும் தமிழில் எழுதிக் கரையோர மீனவர் சங்கங்களுக்கு அனுப்பவேண்டும் என்று இரண்டாவது பந்தியாகச் சேர்த்துவிட்டோம். கடிதம் வாயிலருகே மேசையில் இருக்கிறது. விரும்பியவர்கள் போகும்போது கையொப்பமிடலாம்.